மாமல்லரை மன்னிக்காத வாசகர்களுக்கு



'சிவகாமியின் சபதம்' நாவலின் கடைசிப் பக்கத்தை மூடிய கையோடு மாமல்லர் மேல் கோபத்தை ஏற்றிக்கொண்டவர்கள் நீங்கள். உங்களில் சிலர் என் உறவிலேயே இருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும் நேரத்தில்கூட இந்த வழக்கை எடுத்து வாதாடியவர்களை எனக்குத் தெரியும். புத்தகக் கண்காட்சியில் கல்கி நூல்கள் அடுக்கிய மேசையருகே நின்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "இதை மட்டும் வாங்காதம்மா, மனசு ஒடிஞ்சு போயிடும்" என்று சொன்ன ஒரு பெரியம்மாவைப் பார்த்திருக்கிறேன். தொடர் 'கல்கி' இதழில் 1944-இல் தொடங்கி 1946-இல் முடிந்தது. அன்று வாரம்தோறும் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதே கோபம் வருகிறது. ஒரு கற்பனைப் பாத்திரத்தின் மேல் மூன்று தலைமுறைக்குக் கோபம் நீடிப்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் கோபத்தை மதித்துத்தான் இந்த மடல்.

மாமல்லர் குற்றமற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. அவர் தவறு செய்தார். ஆனால் நீங்கள் காட்டுகிற இடத்தில் அந்தத் தவறு இருக்கிறதா என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் பேச்சு. இந்த ஒரு நாவலோடு அவர் கணக்கை முடித்துவிடலாமா என்பதிலும்.

படித்து வெகுநாள் ஆனவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி, நாட்டியத்தில் ஈடில்லாதவள். பல்லவ இளவரசர் நரசிம்மவர்மர் என்னும் மாமல்லர் அவளை நேசிக்கிறார். மனைவியாக ஏற்பதாக வாக்கும் கொடுக்கிறார். வாதாபிச் சளுக்க மன்னன் புலிகேசி காஞ்சியை முற்றுகையிடுகிறான். முற்றுகை பலிக்காமல் திரும்புகிற படை நாட்டைச் சூறையாடுகிறது; சிவகாமி சிறைப்படுகிறாள். வாதாபித் தெருமுனையில் அவள் ஆடினால்தான் பல்லவ நாட்டுக் கைதிகள் மேல் விழும் சவுக்கடி நிற்கும் என்கிறான் புலிகேசி. அவள் ஆடுகிறாள். ஆடிய பிறகு, இந்த நகரை மாமல்லர் எரித்துச் சாம்பலாக்கித் தன்னைக் கைப்பிடித்து அழைத்துப் போகும்வரை வெளியேறுவதில்லை என்று சபதம் செய்கிறாள். மாமல்லர் மாறுவேடத்தில் வந்து கூப்பிடுகிறார், வர மறுக்கிறாள். ஊர் திரும்பிய மாமல்லர், தந்தை மகேந்திரவர்மர் சொற்படி பாண்டிய இளவரசியை மணக்கிறார். ஒன்பது ஆண்டு கழித்து வாதாபி எரிகிறது. காஞ்சிக்குத் திரும்பிய சிவகாமி உண்மையை அறிந்து, ஏகாம்பரநாதரையே தன் நாயகராக வரித்துக்கொள்கிறாள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இந்த நாவலின் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. முதுகுத் துணி கிழிந்து, பசை நாடா ஒட்டி, மறுபடி கிழிந்த பிரதி. நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஆனால் அந்தப் பிரதியின் ஓரங்களை நான் கதையைப் போலவே ஊன்றிப் படித்தேன். பாண்டிய இளவரசியின் திருமணப் பேச்சு வருகிற பக்கத்தில் பென்சிலால், அழுத்தி, 'துரோகி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நீல மையில் வேறொரு கையெழுத்து: 'அப்பாவைத் திட்டுங்கள், பிள்ளையை ஏன்?' அதற்கும் கீழே, கோணல்மாணலாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துபோல ஒன்று: 'அவ அன்னைக்கே வந்திருக்கலாம்.' கடைசி அத்தியாயத்தில், மாமல்லர் கோயிலை விட்டுப் போகும் இடத்தை அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டு, பக்கத்தில் ஒரே சொல்: 'வேணும்.'

உங்கள் கருத்துகள் முழுக்க அந்த ஓரங்களில் இருக்கின்றன. மாமல்லர் துரோகி என்பவர்கள், மகேந்திரர் சூழ்ச்சிக்காரர் என்பவர்கள், சிவகாமி பிடிவாதக்காரி என்பவர்கள். இப்போது நான்காவதாக ஒரு கட்சியும் வளர்ந்திருக்கிறது. புலிகேசியின் சகோதரரான பிக்ஷு நாகநந்திதான் உண்மையான காதலன் என்கிற கட்சி. அவர்களோடு எனக்குக் கொஞ்சம் கடுமையான பேச்சு உண்டு; பிறகு வருகிறேன்.

முதலில் துரோகம். "வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொருத்தியைக் கட்டியவன் என்ன கதாநாயகன்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிவகாமியின் கதை அச்சேறும் முன்பே அந்தக் கல்யாணம் முடிந்துபோயிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கல்கி 'பார்த்திபன் கனவு' எழுதியது 1941 முதல் 1943 வரை. நரசிம்மவர்மர் அதில் நடுவயதைத் தாண்டிய சக்கரவர்த்தி. அவருக்குக் குந்தவி என்ற மகள் இருக்கிறாள். கதையின் நாயகியே அவள்தான். வாசகர்கள் அவளை வாரக்கணக்கில் நேசித்து முடித்த பிறகுதான், அந்தச் சக்கரவர்த்தியின் இளமைக்குத் திரும்பிப் போய் கல்கி இந்த நாவலைத் தொடங்கினார். ஆகவே முதல் அத்தியாயத்தில் சிவகாமி சலங்கை கட்டும்போதே, அவளுக்கு அரண்மனையில் இடம் கிடைக்காது என்பது முடிவாகிவிட்டது. அவளைப் பட்டத்தரசியாக்க வேண்டுமென்றால் குந்தவியை அழிக்க வேண்டும். வாசகர் கையில் ஏற்கெனவே கொடுத்த ஒரு பெண்ணை எந்த எழுத்தாளராலும் பிடுங்க முடியாது.

கையில் வாளோடு நாகநந்தியின் எதிரே நின்ற பல்லவத் தளபதி பரஞ்சோதி ஏன் அவரை உயிரோடு விட்டார் என்று எரிச்சல்படுகிறவர்களுக்கும் இதே பதில்தான். 'பார்த்திபன் கன'வில் ஒற்றைக் கையோடு வருகிற மகா கபால பைரவர் யாரென்று அந்த நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். கை போக வேண்டும், உயிர் இருக்க வேண்டும். முன்னமே எழுதி வைத்த கணக்கு அது.

இதைச் சொல்லி மாமல்லரைத் தப்பவிடப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுத்தாளர் முடிவை முன்பே குறித்துவிட்டார் என்பது பாத்திரத்துக்குச் சலுகை ஆகாது. ஒரு மனிதன் அந்த முடிவை நோக்கி எந்த மனத்தோடு நடக்கிறான் என்பதில்தான் கல்கியின் உழைப்பு முழுவதும் இருக்கிறது. அங்கே போய்த்தான் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்த மாமல்லர் யார்? ஒரு மாபெரும் தந்தையின் பிள்ளை. மகேந்திரவர்மர் வரலாற்றிலேயே அசாத்தியமான மனிதர். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகத்தை எழுதியவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்தவர். கல்கி இந்த மனிதரை எடுத்து, மாறுவேடத்தில் ஊர் சுற்றும் ராஜதந்திரியாகவும் ஆக்கிவிட்டார். எல்லாம் அவருக்குத் தெரியும். எல்லாரையும் விட இரண்டு அடி முன்னால் இருப்பார். இப்படிப்பட்டவருக்கு மகனாக இருப்பது எப்படி இருக்கும்? நாட்டின் எல்லையில் போர் மூண்டிருக்கும்போது, கோட்டையை விட்டு வெளியே போகக்கூடாது என்று இளவரசருக்குக் கட்டளை. கிராமத்திலிருந்து படிக்க வந்த பரஞ்சோதி நாடெல்லாம் சுற்றி வீரன் ஆகிறான். மற்போரில் வென்று மாமல்லர் என்று பெயர் வாங்கியவர் மதில் சுவருக்குள் உலவிக்கொண்டிருக்கிறார். முதல் பாகத்திலும் இரண்டாம் பாகத்திலும் இந்தப் புழுக்கத்தைக் கல்கி பொறுமையாகச் சேர்த்து வைத்திருக்கிறார். நாம்தான் சிவகாமி எப்போது வருவாள் என்று அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

அப்படிப்பட்டவர் பகைவனின் தலைநகருக்குள் உயிரைப் பணயம் வைத்து நுழைகிறார். தந்தையின் நிழல் விழாத ஊர். நேசித்தவளின் முன்னால் நின்று, "வா, போகலாம்" என்கிறார். அவள், "இப்படி வரமாட்டேன்" என்கிறாள்.

அந்த இடத்தைத் தயவுசெய்து மறுபடி எடுத்துப் படியுங்கள். சிவகாமி எதற்காக மறுக்கிறாள்? இங்கேதான் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லும் பெரியவர்களுக்கும் பதில் இருக்கிறது. அவள் ஆடியது மேடையில் இல்லை. நாற்சந்தியில், கட்டுண்டு நிற்கும் தன் நாட்டு ஆண்களையும் பெண்களையும் பார்த்தபடி ஆடினாள். நடராஜருக்கு முன் ஆட வேண்டிய ஆட்டம் சவுக்குக்குப் பதிலாகக் கொடுக்கும் விலை ஆயிற்று. கலைஞருக்கு இதைவிடப் பெரிய அவமானம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த மக்கள் அங்கேயே அடிமைப்பட்டுக் கிடக்க, தான் மட்டும் இருட்டோடு இருட்டாகச் சுவரேறித் தப்பிப்பதை அவளால் ஏற்க முடியவில்லை. திருட்டுத்தனமாகப் போனால் அந்தத் தெருமுனை அவளோடு காஞ்சிக்கும் வரும். அவள் கேட்டது பழி என்று வைத்துக்கொண்டாலும், தனக்காக மட்டும் கேட்கவில்லை. ஒரு நகரத்தை எரிக்கச் சொன்னது சரியா என்று கேளுங்கள், அது பேச வேண்டிய கேள்வி. ஆனால் 'அன்றைக்கே வந்திருக்கலாம்' என்று சொல்லாதீர்கள். அடி வாங்கியவள் எப்போது எழுந்து நடக்க வேண்டும் என்று நாம் நேரம் குறிக்கக் கூடாது.

மாமல்லருக்கு இது கேட்கவில்லை. அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: என்னை வேண்டாம் என்கிறாள். என் வீரம் போதாது என்கிறாள். இத்தனை நாள் தந்தை சொன்னதையே இவளும் வேறு விதமாகச் சொல்கிறாள். அந்தக் காயத்தோடு அவர் ஊர் திரும்புகிறார். பிறகு மகேந்திரர், தெற்கே பாண்டியனை உறவாக்கிக்கொண்டால்தான் வடக்கே படை நடத்த முடியும் என்று அரசியல் கணக்குப் போட்டுக் காட்டும்போது, அந்தக் கணக்குக்குள் போய் ஒளிந்துகொள்ள மாமல்லரின் புண்பட்ட மனத்துக்கு வசதியாக இருக்கிறது. நாட்டு நலன் உண்மைதான். அதோடு கோபமும் கலந்திருந்தது என்பதையும் கல்கி மறைக்கவில்லை. என்னைக் கேட்டால் மாமல்லரின் தவறு தொடங்கும் இடம் அந்த இரவு. அவள் சொன்னதை அவள் வலியிலிருந்து கேட்காமல் தன் வலியிலிருந்து கேட்டார்.

தவறு முற்றுகிற இடம் அதற்குப் பிறகு வரும் ஒன்பது ஆண்டு. படை திரட்டினார், யானை சேர்த்தார், இலங்கை இளவரசன் மானவர்மனோடு நட்பு வளர்த்தார், குழந்தைகள் பெற்றார். அவளுக்கு உண்மையைச் சொல்ல மட்டும் வழி தேடவில்லை. காதல் மிகுந்த நாளில் ஓலைமேல் ஓலை எழுதிக் கொடுத்தனுப்பிய அதே கை அது. கொடுத்த வாக்கில் நகரத்தை எரிக்கிற பாதியைக் காப்பாற்றிவிட்டு, கைப்பிடிக்கிற பாதியைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தார். காஞ்சிக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிகிறது. அதுவும் அவர் வாயிலிருந்து இல்லை. கல்யாணத்தை நான் மன்னித்துவிடுவேன். ராஜ்யம், தந்தை, பகை, எத்தனையோ சொல்லலாம். இந்த மௌனத்தை மன்னிக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆகவே 'துரோகி' என்று எழுதிய அந்தப் பென்சிலைச் சில அத்தியாயங்கள் தள்ளி வைத்து எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இனி நாகநந்திக் கட்சிக்கு வருகிறேன். பௌத்த பிக்ஷு, புலிகேசியின் உருவத்தையே உரித்து வைத்த சகோதரர், அஜந்தாவில் கலை பயின்றவர், சிவகாமியின் ஆட்டத்துக்காக ஒரு சாம்ராஜ்யத்தையே திசைதிருப்பியவர். "அவர் ஒருவர்தான் அவளுக்காக எல்லாவற்றையும் விட்டார், அவளை முழுசாக நேசித்தவர் அவர்தான்" என்கிறீர்கள். உங்களில் இளையவர்கள் பலர் இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. நாகநந்தி எதை விட்டார்? அவள் வீட்டை அவளிடமிருந்து பறித்தவர்களில் ஒருவர் அவர். சிறையில் மாளிகை கட்டிக் கொடுத்தால் அது சிறை இல்லாமல் போய்விடுமா? தன்னைத் தவிர வேறு யாரும் அவளுக்கு உதவ முடியாத நிலையில் அவளை வைத்துவிட்டு, பிறகு நான்தான் உனக்குத் துணை என்று வருவது அன்பா? கடைசியில் தனக்குக் கிடைக்காதவள் உயிரோடு இருக்கக் கூடாது என்று கத்தியை ஓங்குகிறாரே, அந்தப் பக்கத்தையும் தாண்டித்தானே வந்தீர்கள்? அவருடைய ரசனை உண்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயனருக்கு அடுத்தபடி அவள் கலையின் ஆழம் தெரிந்தவர் அவராகவே இருக்கலாம். கலையை அவ்வளவு அறிந்தவரால், அதை ஆடுகிறவளை மனுஷியாக அறிய முடியவில்லை என்பதுதான் கல்கி காட்டும் பயங்கரம். நாளிதழ்களில் நாம் படிக்கிற கொடுமைகள் பலவற்றின் வேர் இதே இடத்தில்தான் இருக்கிறது. காவி உடையும் கம்பீரமும் இருப்பதால் அதைக் காதல் என்று கொண்டாட வேண்டாம்.

மாமல்லருக்கும் நாகநந்திக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் எனக்குத் தெளிவாகிறது. வாதாபியில் அந்த இரவு அவள் வரமாட்டேன் என்றதும் மாமல்லர் கொதித்தார், ஆனாலும் அவளை விட்டுவிட்டுத்தான் திரும்பினார். கடைசி அத்தியாயத்தில், சந்நிதியில் அவள் ஆடும்போதும் குறுக்கே போய் நிற்கவில்லை. சக்கரவர்த்தி என்ற உரிமையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தார், கண்ணீர் வடித்தார், போய்விட்டார். 'வேணும்' என்று எழுதிய நண்பரே, தண்டனை என்று நீங்கள் அதைப் படித்தது சரிதான். அதை எதிர்ப்பில்லாமல் வாங்கிக்கொண்டார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு சிறு திருத்தமும் சொல்லியாக வேண்டும். நரசிம்மவர்மர் ஒரு பெண்ணுக்காக வாதாபி மேல் படையெடுத்தார் என்பதை வரலாறாகவே சிலர் பேசுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் முன்னால்கூட. கல்கிக்கு வரலாறு கொடுத்தது வேறு. பேரரசர் பரமேசுவரவர்மரின் கூரம் செப்பேடு, மணிமங்கலம் முதலான இடங்களில் புலிகேசி தோற்றதையும், புறமுதுகு காட்டிய அவன் முதுகில் வெற்றி என்னும் எழுத்தைப் பொறித்ததுபோல் நரசிம்மவர்மர் வென்றதையும் பாடுகிறது. பாதாமியின் (அன்றைய வாதாபி) பாறையில் நரசிம்மவர்மரின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சிதைந்த நிலையில், இன்றும் இருக்கிறது. வாதாபி விழுந்தது 642 வாக்கில். பரஞ்சோதியாரின் வாதாபிப் படையெடுப்பைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். மானவர்மன் பல்லவரிடம் தஞ்சம் புகுந்ததை மகாவம்சம் சொல்கிறது. இன்னொரு பக்கம், 634-இல் பொறித்த ஐஹொளெக் கல்வெட்டு, புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்ததாகப் பெருமை பேசுகிறது. பழிக்குக் காரணம் இரு வம்சப் பகையிலேயே போதுமான அளவு இருக்கிறது. ஆயனரும் சிவகாமியும் கல்கியின் கற்பனை. ஆகவே நீங்கள் கோபித்துக்கொள்கிற மாமல்லரைக் கல்வெட்டில் இருக்கும் பல்லவ மன்னரோடு குழப்ப வேண்டாம். கல்கி எடுத்துக்கொண்டது ஓர் எரிந்த நகரம், வெற்றிக்குப் பிறகு வாளைக் கீழே வைத்துச் சிவனடியாராகிவிட்ட ஒரு தளபதி. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின்னால் ஒரு தளபதி ஏன் போரையே வெறுத்துப் போகிறார்? அந்தக் கேள்வியைப் பரஞ்சோதிக்கு மட்டும் கேட்காமல் அரசருக்கும் கேட்டிருக்கிறார் கல்கி என்று நான் நினைக்கிறேன்.

அந்த நாளையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானது. பெட்டி படுக்கையோடு ஊருக்கு ஓடியவர்கள், திரும்பி வந்து, இரண்டு ஆண்டுக்குள் காஞ்சி முற்றுகையை வாரம் வாரம் படித்தார்கள். நாவல் முடிந்தபோது ஹிரோஷிமா எரிந்து ஓராண்டு அளவுதான் ஆகியிருந்தது. ஒரு நகரம் எரிவது என்றால் என்னவென்று அந்த வாசகர்களுக்குத் தெரியும். இன்னொன்று, சிவகாமியின் சபதத்துக்கும் அது நிறைவேறுவதற்கும் நடுவே அவர்களும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நாம் இரண்டு ராத்திரியில் நாலு பாகத்தையும் முடித்துவிடுகிறோம். அந்த ஒன்பது ஆண்டு நமக்கு ஒரு பக்கம் புரட்டுகிற நேரம். கோபம் சட்டென்று மூண்டு அப்படியே நின்றுவிடுவதற்கு இந்த வேகமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன். 'பார்த்திபன் கனவு' படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். அதில் உள்ள ரகசியத்தை உடைக்காமல் இதைச் சொல்ல முடியாது.

அந்த நாவலின் தொடக்கத்தில் சோழ மன்னன் பார்த்திபன் கப்பம் கட்ட மறுத்து, தோற்பது உறுதி என்று தெரிந்தே, நரசிம்மவர்மரை எதிர்த்துப் போரிட்டு மடிகிறான். மடியும் நேரத்தில் ஒரு சிவனடியார் அவனருகே வந்து, உன் மகன் விக்கிரமனை வீரனாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அந்தச் சிவனடியார் நரசிம்மவர்மரேதான். வென்றவன், தோற்றவனின் கனவைக் காப்பாற்றப் போவதாக, தன் பெயரைக்கூடச் சொல்லாமல் வாக்குக் கொடுக்கிறான். பிறகு அதை நிறைவேற்றப் பல ஆண்டு பாடுபடுகிறார். மரண தண்டனைக்குரிய விக்கிரமனைத் தீவுக்கு நாடு கடத்தி உயிர் காக்கிறார். அந்த விக்கிரமன் இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வந்து, காய்ச்சலில் விழுந்து, யார் என்று தெரியாமலே குந்தவியின் பராமரிப்பில் பிழைக்கிறான். பகைவன் மகன், நாடு கடத்தப்பட்டவன், கையில் ராஜ்யம் இல்லாதவன். அப்படிப்பட்டவனை மகள் விரும்புகிறாள் என்று அறிந்த சக்கரவர்த்தி என்ன செய்கிறார்? மகேந்திரர் தமக்குச் செய்ததை அவர் தம் மகளுக்குச் செய்யவில்லை. அரசியல் கணக்கை எடுத்து நீட்டவில்லை. அந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கிறார். சோழ நாட்டை அவனுக்கே சுதந்திர நாடாகக் கொடுக்கிறார்.

முதலில் எழுதியது அந்த நாவல். இவ்வளவு கனிந்த ஒரு சக்கரவர்த்தி எங்கிருந்து வந்தார், எதை இழந்து இப்படி ஆனார் என்று தேடிக்கொண்டு போனதில்தான் கல்கிக்குச் சிவகாமி கிடைத்தாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் வாசிப்பு. கல்கி இப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து வெளியே போன அந்த மனிதர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரிகிறது. சிவகாமிக்குச் செய்ததை அவரால் திருப்ப முடியவில்லை. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்கு அது நேராமல் பார்த்துக்கொண்டார். மரணப் படுக்கையில் இருந்தவனுக்குக் கொடுத்த வாக்கை, முன்பு தவறவிட்ட பாதியையும் சேர்த்து, முழுசாகக் காப்பாற்றினார்.

இதனால் சிவகாமியின் கணக்கு நேராகிவிடாது. அவள் இழந்தது இழந்ததுதான். அவள் சார்பில் நீங்கள் கோபப்படுவது நிற்கவும் வேண்டாம்.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆன பிறகு 'பார்த்திபன் கனவு' எத்தனையோ பதிப்புகளில், மலிவு விலையில் கிடைக்கிறது. அளவில் சிறிய நாவல். கதை வேகமாகவும் ஓடும். 'சிவகாமியின் சபதம்' முடித்த சூட்டோடு, கோபம் ஆறுவதற்குள், அதைக் கையில் எடுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது. விக்கிரமனும் குந்தவியும் சேர்கிற இடத்துக்கு வந்ததும், பக்கத்தில் நிற்கும் அந்தத் தந்தையை ஒரு தரம் பாருங்கள். அதற்குப் பிறகும் 'துரோகி' என்றுதான் சொல்வீர்கள் என்றால், ஏன் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் வாதத்தைக் கேட்க எனக்கு உண்மையான ஆவல்.

அன்புடன்,
உங்களைப் போலவே சிவகாமிக்காக அழுத ஒரு வாசகர்